முடி நட்ட ஐந்தாம் நாள்

தம்பி,

பதினோரு நாளாக என் போனை எடுக்காதவன், செவ்வாய்க்கிழமை காலையில் ஒரு மெசேஜ் அனுப்பினாய். அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குச் சாதம் கிளறிக்கொண்டிருந்தேன். அடுப்பை அணைத்துவிட்டுப் படித்தேன். “நடந்தது நடந்துபோச்சும்மா. நித்யா வீட்ல எதுவும் சொல்லிக்காத. ஃபுட் பாய்சன்னே இருக்கட்டும். கல்யாணம் முடியட்டும், நான் பாத்துக்கறேன்.” கூடவே கும்பிடுகிற கை பொம்மை இரண்டு. அந்தக் கையை ஒடிக்க வேண்டும் போல வந்தது எனக்கு. உன் கையை இல்லை, பொம்மைக் கையை. சரி, உன் கையையும்தான்.

போனில் திட்டினால் நீ கட் பண்ணிவிடுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். இருபத்தெட்டு வருஷம் ரெஜிஸ்டர் எழுதிய கை, எவ்வளவு வேண்டுமானாலும் எழுதும். ஒளித்துவைத்துப் படிக்க வேண்டிய கடிதமும் இல்லை இது. சென்னையில் உன் ரூமில் இருக்கிற செந்திலிடம் கொடு, சித்தப்பாவிடம் கொடு, வீட்டில் குடிக்கிற பிள்ளையை வைத்துக்கொண்டு வாயை மூடியிருக்கிற எந்த அம்மாவிடம் வேண்டுமானாலும் கொடு. நம் வீட்டு விஷயம் நாலு பேருக்குத் தெரியக்கூடாது என்று நானே ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். அந்த நானேதான் இப்போது தெரியட்டும் என்கிறேன்.

முதலில் நீ முடி வைத்துக்கொண்ட தஞ்சாவூர் கிளினிக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் தப்பு அங்கே, என் வாயில்தான் ஆரம்பித்தது. டாக்டர் உன் நெற்றியில் பென்சிலால் கோடு போட்டுப் பார்த்தார். சர்க்கரை உண்டா, பிரஷர் உண்டா, தினசரி மாத்திரை ஏதாவது உண்டா என்று வரிசையாகக் கேட்டுக்கொண்டே வந்தார். பிறகு, “சிகரெட், ட்ரிங்ஸ்?” என்றார். சாதாரணமாகத்தான் கேட்டார், காப்பியா டீயா என்று கேட்கிற மாதிரி. நீ என்னைப் பார்த்தாய். நான் டாக்டரைப் பார்த்தேன். முப்பது வயது ஆண்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்திருக்க, “அந்தப் பழக்கமெல்லாம் எங்க வீட்ல கிடையாதுங்க டாக்டர்” என்று பதில் சொன்னவள் நான். நீ தலையைக் குனிந்துகொண்டு ஆமாம் என்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாய். அவரும் எழுதிக்கொண்டார்.

எனக்குத் தெரியாமலா சொன்னேன்? மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கல் லீவுக்கு வந்தபோது, துவைக்க எடுத்த உன் பையில் பாதி பாட்டில் கிடந்தது. துணியையெல்லாம் துவைத்துக் காயப்போட்டு, மடித்து, அந்தப் பாட்டிலை அதே இடத்தில் வைத்து, மேலே சட்டைகளை அடுக்கினேன். நீயும் ஊருக்குப் போய்ப் பையைத் திறந்தபோது தெரிந்துகொண்டிருப்பாய், அம்மா பார்த்துவிட்டாள் என்று. நீயும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நம் பக்கத்தில் அப்படித்தானே? தெரு முழுக்கத் தெரியும், வீட்டுக்குள் மட்டும் அந்தப் பேச்சு வராது. பிள்ளை அம்மா எதிரில் ஒப்புக்கொள்ள மாட்டான், அம்மா பிள்ளையிடம் கேட்க மாட்டாள். இதற்கு மரியாதை என்று ஒரு பெயர் வேறு. அந்த மரியாதையைத்தான் நாம் இரண்டு பேரும் அந்த டாக்டர் மேஜையில் வைத்துவிட்டு வந்தோம்.

இத்தனைக்கும் அவர் விடவில்லை. “பழக்கம் இல்லேன்னாலும் சொல்ல வேண்டியது என் கடமைம்மா” என்று ஆரம்பித்து எல்லாம் சொன்னார். ஆபரேஷனுக்கு ஒரு வாரம் முன்னாலிருந்து ஒரு சொட்டு கூடாது. குடித்திருந்தால் ரத்தம் அதிகமாகக் கசியும், கசிந்தால் நட்ட முடி குழியில் நிற்காமல் வெளியே வந்துவிடும். மரத்துப்போக ஊசி போடுகிறார்கள், பதற்றம் குறைய மாத்திரை கொடுக்கிறார்கள், அதோடு சாராயமும் உடம்பில் இருந்தால் ஆபத்து. அப்புறம் இரண்டு வாரத்துக்கு வாயில் வைக்கக்கூடாது, மாத்திரை எல்லாம் முடிந்து புண் ஆற வேண்டும். தாளில் அச்சடித்தும் கொடுத்தார். அந்தத் தாளை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியது யார்? நான்தான். தினமும் தயிர் எடுக்கும்போது என் கண்ணில் பட்ட தாள் அது.

நீ என்ன செய்தாய்? ஆபரேஷனுக்கு முதல் நாள் சாயங்காலம், “ஃப்ரெண்ட்ஸைப் பார்த்துட்டு வரேன்” என்று திருவையாறு போனாய். மறுநாள் காலை செந்தில் கார் எடுத்துக்கொண்டு வந்தான். பின் சீட்டில் நீ என் பக்கத்தில் உட்கார்ந்தாய். வாயில் புதினா மிட்டாய், சட்டையில் சென்ட், அதையெல்லாம் தாண்டி அந்த வாசனை. உங்கப்பாவோடு பதினேழு வருஷம் குடித்தனம் நடத்தியவளுக்கு அது தெரியாதா? காரை நிறுத்தச் சொல்லியிருக்க வேண்டும். “இன்னிக்கு வேணாம், வீட்டுக்குத் திருப்பு” என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். நான் கார் கண்ணாடியை இறக்கிவிட்டேன். அவ்வளவுதான் செய்தேன். கண்டியூர் தாண்டும்வரை காற்று முகத்தில் அடித்துக்கொண்டே வந்தது, நீ தூங்கிக்கொண்டே வந்தாய்.

பதினோரு மணிக்கு டாக்டர் வெளியே வந்தார். கையுறையைக் கழற்றவில்லை. “வழக்கத்தைவிட ரத்தம் கசியுதும்மா. வெக்கிற முடி நிக்க மாட்டேங்குது. ஆஸ்பிரின் மாதிரி ஏதாவது மாத்திரை போடறாரா? நேத்து குடிச்சாரா?” என்றார். எழுந்து நின்றுதான் பதில் சொன்னேன், மரியாதையாக. “எனக்குத் தெரிஞ்சு இல்லைங்க” என்றேன். அவர் என்னை ஒரு நொடி பார்த்துவிட்டு உள்ளே போனார். உச்சந்தலைக்கும் சேர்த்துப் போட்ட திட்டத்தை விட்டுவிட்டு, முன் பக்கம் மட்டும் வைத்து முடித்தார். நீ வீட்டுக்கு வந்ததும் தலைக்கட்டோடு, “நடவு முடிஞ்சுதும்மா, இனி தண்ணி பாய்ச்ச வேண்டியதுதான்” என்று ஜோக் அடித்தாய். நானும் சிரித்தேன். ஏன்டா சிரித்தேன் என்று இப்போது என்னையே கேட்டுக்கொள்கிறேன். வயலில் நாற்று அழுகிப்போனால் நாற்றுக்கட்டில் மீதி இருக்கிறதை எடுத்து நடலாம், அதுவும் இல்லாவிட்டால் பக்கத்து வயல்காரரைக் கேட்கலாம். எடுத்து நட உனக்கு இருப்பது உன் பின்மண்டை முடி மட்டும்தான், எடுத்ததை வீணாக்கினால் வீணாக்கியதுதான்.

முதலில் இந்த முடி எதற்கு என்பதையும் கேட்டுவிடுகிறேன். நித்யா உன்னைப் பார்த்தது வழுக்கையோடுதான். பட்டுக்கோட்டையில் அவர்கள் வீட்டுக் கூடத்தில் நீ தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாய், அவள் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். அவர்கள் யாரும் முடியைப் பற்றி மூச்சு விடவில்லை. நீதான், “கல்யாண போட்டோ காலத்துக்கும் இருக்கும்மா” என்றாய். வைத்த முடி ஒரு மாதத்தில் கொட்டிவிட்டுத் திரும்ப முளைக்கும், பார்க்கிற மாதிரி வர எட்டு மாதம், ஒரு வருஷம்கூட ஆகும், தை மாதக் கல்யாணத்துக்கு ஒன்றும் ஆகாது என்று டாக்டரே சொன்னார். அப்போதும் நீ கேட்கவில்லை. ஆசைப்படுவதில் தப்பில்லை. என் தலைக்கு நான் சாயம் பூசுகிறேன், உன்னை என்ன சொல்வது? ஆனால் ஆசை இருக்கிறவன் அதற்கு வேண்டியதைச் செய்ய வேண்டாமா? உங்கப்பாவின் வழுக்கை உனக்கு வந்தது உன் தப்பில்லை. அதை மறைக்க அவ்வளவு பாடுபட்டாய். அவருடைய பாட்டிலையும் எடுத்துக்கொண்டாயே, அதை விடுவதற்கு ஏன் ஒரு நாள்கூடப் பாடுபடவில்லை?

உங்கப்பா விஷயத்தில் நான் உன்னிடம் மறைத்தது ஒன்று இருக்கிறது. நீ ஒன்பதாவது படிக்கும்போது அவருக்குக் குடலிறக்கத்துக்கு ஆபரேஷன் நடந்தது, ஞாபகம் இருக்கும். ஆஸ்பத்திரியில் சேர்க்கும்போது டாக்டர் கேட்டார், குடிப்பீங்களா என்று. சுற்றி என் அண்ணன், பங்காளிகள் எல்லாம் நின்றார்கள். “எப்பவாவது விசேஷத்துக்குங்க” என்றார் உங்கப்பா. தினமும் காலையில் பல் விளக்கும் முன்னால் குடிக்கிற மனுஷன். நான் பக்கத்தில் ஃபிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது. இரண்டாம் நாள் கை நடுங்க ஆரம்பித்தது. சுவரில் எறும்பு ஊர்கிறது என்றார், படுக்கையைத் தட்டித் தட்டிவிட்டார், என்னைப் பார்த்து யாரடி நீ என்று கேட்டார். அப்புறம் வலிப்பு வந்து தையல் பிரிந்துபோனது. கட்டிலோடு கையைக் கட்டி வைத்தார்கள். தினம் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் இப்படி வருமாம். “முன்னாடியே சொல்லியிருந்தா இது வராம பாத்திருப்போமேம்மா” என்றார் அந்த டாக்டர். சாயங்காலம் நீ ஸ்கூல் விட்டு வந்து, அப்பா கையை ஏன் கட்டியிருக்காங்க என்று கேட்டாய். ஊசி ஒத்துக்கலை என்று சொன்னேன். அப்புறம் இரண்டு வருஷத்தில் ஈரல் கெட்டுச் செத்தார், காமாலை என்று ஊருக்குச் சொன்னேன். உனக்கும் அதையேதான் சொன்னேன். அப்பாவைப் பற்றித் தப்பாக நினைக்கக்கூடாது என்று பார்த்தேனே தவிர, தெரிந்தால் நீ தப்பிப்பாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை.

ஒரு தடவை பட்டவள் இரண்டாம் தடவை திருந்தியிருக்க வேண்டும். ஊரிலுள்ள தாய்மார்களையெல்லாம் உட்காரவைத்து, பிள்ளை எடை குறைந்திருந்தால் மறைக்காதீங்க, பேதி ஆனால் மறைக்காதீங்க என்று வகுப்பு எடுக்கிறவள் நான். என் வீட்டில் நான் என்ன செய்தேன் என்று பார். சொல்லும்போதே பற்றிக்கொண்டு வருகிறது.

இப்போது அந்த ஐந்தாம் நாளுக்கு வருகிறேன். கல்யாணம் நிச்சயமான வீட்டில் செத்தவருக்குச் சொல்லிப் படைக்காமல் பத்திரிகை அடிக்கக்கூடாது என்று சித்தப்பா பிடிவாதம் பிடித்தார். சரி, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் என்று வைத்தோம். உனக்குத் தலையில் ஏன் துணித் தொப்பி என்று கேட்டவர்களுக்கு, கொழுப்புக் கட்டி எடுத்தாங்க என்று சொன்னோம். அது உன் யோசனை, நானும் ஒத்துக்கொண்டேன். உங்கப்பா போட்டோவுக்கு மாலை போட்டு, புது வேட்டி துண்டு வைத்து, தலைவாழை இலையில் கறிக்குழம்பு, விரால் மீன் வறுவல், அவித்த முட்டை எல்லாம் வைத்தேன். இலைக்கு வலது பக்கம் ஒரு பாட்டில். வருஷா வருஷம் அவர் திதிக்கு வைக்கிறோம், செத்தவருக்குப் பிடித்ததை வைக்க வேண்டும் என்று. அந்த மனுஷனைக் கொன்றதே அது. அதையே வாங்கிவரச் சொல்லி, துடைத்து, குங்குமப் பொட்டு வைத்து அவர் முன்னாலேயே வைக்கிறேன் பார், என்னைப் போல் ஒரு மடச்சி இருப்பாளா? பத்தடி தூரத்தில் ஃபிரிட்ஜ். அதில் டாக்டர் தாள்.

சூடம் காட்டிவிட்டு, அவர் வந்து சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு எல்லோரும் வாசலில் நின்றோம். வெயில் சுள்ளென்று அடித்தது. உன்னைப் பார்த்து, “வெயில்ல நிக்காதடா, தலைக்கு ஆகாது” என்று சொன்னேன். வெயிலுக்கு வாய் திறந்தேன், அதோடு சரி. கதவைத் திறந்ததும் சித்தப்பா பாட்டிலை எடுத்து மூடியைத் திருகினார். “டேய், அப்பாவுக்குப் படைச்சதுடா. வேணாம்னு சொல்லக்கூடாது. ஒரே ஒரு மூடி, நாக்குல வெச்சுக்க” என்று உன்னிடம் நீட்டினார். நீ என்னைப் பார்த்தாய். கிளினிக்கில் பார்த்த அதே பார்வை. நான் குழம்புச் சட்டியை எடுத்துக்கொண்டு பந்தி பரிமாறப் போய்விட்டேன். வேண்டாம் என்று சொல்லியிருந்தால், ஏன் என்று கேட்பார்கள். முடி வைத்த கதை வெளியே வரும். அதற்குப் பயந்தேன். சித்தப்பாவுக்கு உன் தலையில் என்ன செய்தார்கள் என்றே தெரியாது, அவரை நான் என்ன குறை சொல்வது?

நாக்கில் வைத்ததோடு நின்றாயா? சாப்பிட்டு, டாக்டர் கொடுத்த கிருமி மருந்தையும் வலி மாத்திரையையும் ஒழுங்காகப் போட்டுக்கொண்டாய். மாத்திரையில் மட்டும் தவறவே மாட்டாய்! அப்புறம் கொல்லையில் மோட்டார் கொட்டகைப் பக்கம் நீ, செந்தில், சித்தப்பா மூன்று பேரும் போனீர்கள். மீதிப் பாட்டில் போதாமல் இன்னொன்று வந்தது. நான் எச்சில் இலை எடுத்துக்கொண்டிருக்கும்போது செந்தில் ஓடிவந்தான். “அத்தை, அவன் மூஞ்செல்லாம் செவந்து போச்சு, நெஞ்சு படபடங்குதுங்கறான், வாந்தி நிக்கல.” நான் போய்ச் சேர்வதற்குள் நீ எழுந்து நடக்கப் பார்த்து, தண்ணித்தொட்டி விளிம்பில் தலை மோதி விழுந்தாய். முன்மண்டை. ஐந்து நாள் முன்னால் ஒவ்வொன்றாக வைத்த இடம். தொப்பி நனைந்து, நெற்றி வழியாகக் கண்ணுக்குள் ரத்தம் இறங்கியது. என் முந்தானையைச் சுருட்டி அழுத்தினேன், நிற்கவில்லை. கூப்பிட்டேன், உனக்குப் பேச்சு இல்லை. அந்த நேரத்தில் உன் முடி, உன் கல்யாணம், ஊர், உறவு ஒன்றும் என் நினைவில் இல்லை தம்பி. இவன் அப்பா மாதிரி என் கையிலேயே போய்விடுவான் என்று மட்டும்தான் நினைத்தேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் ஒரு சின்ன வயது லேடி டாக்டர். “என்ன சாப்பிட்டாரு?” என்றாள். அங்கேயும், அப்போதும், உன் தலையில் ரத்தம் ஒழுகிக்கொண்டிருக்கும்போதும், என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? “கறிச் சோறுங்க. ஃபுட் பாய்சன்னு நினைக்கிறேன்.” அந்தப் பெண் நிமிர்ந்தாள்.

“அம்மா, எனக்கு மூக்கு இருக்கு. பிரஷர் எறங்கிட்டே போகுது. எவ்வளவு குடிச்சாரு, எப்ப குடிச்சாரு, என்ன மாத்திரை சாப்பிடறாரு, தலையில என்ன பண்ணியிருக்கு? சொன்னீங்கன்னா நான் வைத்தியம் பார்ப்பேன். சொல்ல மாட்டீங்கன்னா நான் குருட்டாம்போக்குல ஊசி போடணும். எது வேணும்?”

உன் வயதுகூட இருக்காது அவளுக்கு. நான் சொன்னேன். மெதுவாகச் சொல்லவில்லை, அந்த வார்டு முழுக்கக் கேட்கிற மாதிரி சொன்னேன். “குடிச்சிருக்கான். இன்னிக்கு மட்டும் இல்ல, மூணு வருஷமா பழக்கம் உண்டு. தலையில முடி வெச்சு அஞ்சு நாள் ஆகுது. இந்தாங்க மாத்திரை.” சித்தப்பா என் பின்னால் வந்து, “அண்ணி, மெதுவா, ஆளுங்க நிக்கறாங்க” என்றார். “நிக்கட்டும்” என்றேன். அந்தக் கிருமி மாத்திரையோடு சாராயம் சேரவே கூடாது என்று அந்தப் பெண் சொன்னாள், படபடப்பும் வாந்தியும் அதனால்தானாம். என்ன செய்ய வேண்டும் என்று அவளுக்கு உடனே தெரிந்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் நீ கண்ணைத் திறந்தாய். உண்மையைச் சொல்ல எனக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

அடுத்த வாரம் நீ சென்னைக்கு ஓடிப்போன பிறகு, கிளினிக் டாக்டரை நான் தனியாகப் போய்ப் பார்த்தேன். உன் தலையை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தவர்தானே அவர். வலது பக்கம் வைத்ததில் பெரும்பாலும் போய்விட்டது, அங்கே சீழ் வேறு வைத்திருக்கிறது, ஆறிய பிறகு ஒரு வருஷம் பொறுத்துத்தான் எதுவும் யோசிக்க முடியும் என்றார். அவர் என்மேல் கோபப்படுவார் என்று நினைத்துப் போனேன். அவர் கோபப்படவில்லை. “குடிப்பார்னு சொல்லியிருந்தா நான் என்னம்மா பண்ணியிருப்பேன்? தேதியைத் தள்ளி வெச்சிருப்பேன். அவ்வளவுதானே” என்றார். இந்த ‘அவ்வளவுதானே’வுக்காகவா அப்பாவும் மகனும் நானும் இத்தனை வருஷம் பொய் சொன்னோம்?

இவ்வளவும் நடந்த பிறகு நீ எழுதுகிறாய், ஃபுட் பாய்சன்னே இருக்கட்டும் என்று. நான் பொய் சொன்னதெல்லாம் பயத்தில் வாய் தவறி வந்தது. நீ உட்கார்ந்து யோசித்து, டைப் அடித்து, பொம்மை போட்டு அனுப்புகிறாய். கல்யாணம் முடிந்த பிறகு பார்த்துக்கொள்வாயாம். எதைப் பார்த்துக்கொள்வாய்? என் கல்யாணத்தின்போதும் இப்படித்தான் பார்த்துக்கொண்டார்கள். உங்கப்பா குடிப்பார் என்று அவர் வீட்டில் எல்லோருக்கும் தெரியும், பெண் பார்க்க வந்த பெரியவர்களுக்குத் தெரியும், தரகருக்குத் தெரியும். எனக்கு ஒருத்தர் சொல்லவில்லை. கல்யாணம் பண்ணினால் சரியாகிவிடுவான் என்று ஒரு பெண்ணின் தலையில் கட்டினார்கள். மறுவீட்டுக்கு எங்கள் ஊர் போன அன்று, பஸ் ஸ்டாண்டில் என்னைப் பெட்டியோடு உட்கார வைத்துவிட்டு, தண்ணி பாட்டில் வாங்கிவருகிறேன் என்று போனார். இரண்டு மணி நேரம் கழித்து வந்தார். தண்ணி பாட்டில் இல்லை. என்னைப் பெற்றவர்களிடம், “பஸ் கிடைக்கலைப்பா” என்று சொன்னேன். கல்யாணமாகி நாலாவது நாள் அது, என் முதல் பொய் அதுதான். அந்த இடத்தில் நித்யாவை உட்கார வைக்கப் பார்க்கிறாய் நீ. நானும் கூட நின்று பெட்டியைத் தூக்கிக் கொடுக்க வேண்டுமாக்கும்.

முடியாது. அதனால் நேற்று அங்கன்வாடிக்கு லீவு சொல்லிவிட்டு பஸ் ஏறி பட்டுக்கோட்டைக்குப் போனேன். உன்னிடம் கேட்கவில்லை, கேட்டால் நீ அழுவாய், எனக்கு மனசு இளகிவிடும். அவர்கள் வீட்டில் தேங்காய் உரிக்கிற ஆட்கள் இருந்தார்கள், அவள் அப்பா தோப்பில் இருந்தார். நித்யா காலேஜுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள் நின்றுவிட்டாள். அவள் அம்மா காப்பி போடப் போனார். காப்பியெல்லாம் வேண்டாம், முதலில் உட்காருங்கள் என்று இரண்டு பேரையும் உட்கார வைத்துச் சொன்னேன். பையிலிருந்த பாட்டில், கார், கிளினிக், படையல், தொட்டி, ஆஸ்பத்திரி ஒன்று விடாமல் சொன்னேன். உங்கப்பா எப்படிச் செத்தார் என்பதையும் சொன்னேன். அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். நித்யா அழவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டாள்.

“அத்தை, நீங்க என்னைப் பொண்ணு பாக்க வந்தீங்களே, அன்னிக்கு அவர் குடிப்பார்னு உங்களுக்குத் தெரியுமா?”

“தெரியும்மா.”

“எங்கப்பா கேட்டார். கெட்ட பழக்கம் ஏதும் உண்டான்னு. நான் உள்ள நின்னு கேட்டுட்டிருந்தேன். நீங்கதான் பதில் சொன்னீங்க.”

எனக்கு அது மறந்தே போயிருந்தது தம்பி. எத்தனை இடத்தில் இதே பதிலைச் சொல்லியிருக்கிறேன், எதை ஞாபகம் வைத்துக்கொள்வது? அந்த வீட்டுக் கூடத்தில், பழத்தட்டை மடியில் வைத்துக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். அவள் கையைப் பிடித்து, “என்னை மன்னிச்சுடும்மா” என்றேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை. பிடித்துக்கொள்ளவும் இல்லை. “முடி இல்லாததெல்லாம் எனக்கு ஒரு விஷயமே இல்லைங்கத்தை. நீங்க வந்து சொன்னீங்க, சரி. ஆனா நான் கட்டிக்கப் போறது உங்கள இல்ல. அவரை வரச் சொல்லுங்க. அவர் வாயால சொல்லட்டும். எவ்வளவு குடிக்கறார், விடணும்னு நெனைக்கறாரா, அதுக்கு எந்த டாக்டர்கிட்ட போகப் போறார், எல்லாம் சொல்லட்டும். அதுக்கப்புறம்தான் நான் சரின்னோ வேணாம்னோ சொல்வேன். அதுவரைக்கும் பத்திரிகை அடிக்காதீங்க” என்றாள்.

உன்மேல் எனக்குக் கோபம் ஆறவில்லை. ஆறும் என்றும் தோன்றவில்லை. என்மேல் இருக்கிற கோபம் அதைவிடப் பெரிது, அதோடு நான் மல்லுக்கட்டிக்கொள்கிறேன். நீ செய்ய வேண்டியது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு அவர்கள் வீட்டில் இருப்பார்கள். சனிக்கிழமை ராத்திரி பஸ் ஏறினால் விடியும்போது பட்டுக்கோட்டை. சித்தப்பாவைக் கூப்பிடாதே, செந்திலைக் கூப்பிடாதே, நான் வருவேன் என்றும் எதிர்பார்க்காதே. குடிக்காமல் போ. அவள் கேட்பதற்கெல்லாம் நீயே பதில் சொல்லு. எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அவள் வேண்டாம் என்று சொன்னால், எதிர்த்துப் பேசாமல் எழுந்து நேராக வீட்டுக்கு வா. சோறு வடித்து வைத்திருப்பேன், இரண்டு பேரும் சாப்பிட்டுவிட்டு எந்த டாக்டரிடம் போவது என்று யோசிப்போம். ஒரு பொய்யைச் சொல்லி அவளைச் சரி என்று சொல்ல வைத்துவிட்டாயானால், தை மாதம் அந்த மண்டபத்தில் உனக்கு அம்மா இருக்க மாட்டாள்.

உன் அம்மா